உழைப்பாளியின் தட்டில் உள்ளதை அளப்பது யார்?

புனே மாநகருக்கு வடமேற்கே, பழைய மும்பை - புனே நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது நிக்டி. துக்காராமும் சிவாஜியும் சந்திக்கும் சிலை நிற்கும் பக்தி-சக்தி சதுக்கத்தில் அதிகாலையில் நின்று பார்த்தால், பிம்ப்ரி-சின்ச்வட் தொழில் மண்டலம் கண் விழிப்பதைக் காணலாம். அக்குருடி, போசரி, தளவடே, சாக்கன் என நான்கு திசைகளுக்கும் முதல் ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள். இரவு ஷிப்டு முடித்துத் திரும்பும் முகங்கள். மராத்வாடாவிலிருந்தும், பீகாரிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும், தமிழகத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவர்கள். வீட்டில் அடுப்பு மூட்ட நேரமில்லாத அந்த வேளையில் அவர்கள் உண்பது வடாபாவ், மிசல், தேநீரில் தோய்த்த காரி பிஸ்கட், டோஸ்ட். இரவில் ஒரு தட்டு ஃபர்சான். விலை குறைவு, வயிறு நிறையும், கைக்கும் உடனே எட்டும்.

அந்த வடை எந்த எண்ணெயில் பொரிக்கப்பட்டது, அந்த காரி பிஸ்கட்டின் மடிப்புகளுக்கிடையே பூசப்பட்ட கொழுப்பு எது என்று உண்பவர் கேட்பதில்லை. கேட்டாலும் விற்பவரால் சொல்ல முடியாது. அவரும் மொத்த வியாபாரியிடமிருந்து டின்னில் வருவதை வாங்கிப் பயன்படுத்துபவரே. நாவால் சுவைத்தோ மூக்கால் முகர்ந்தோ கண்டறிய முடியாத பொருள் அது. அளந்தால் மட்டுமே தெரியும். அளக்கும் கருவி யாரிடம் இருக்கிறது, அது யாருக்காக இயங்குகிறது என்பதே இன்று நாம் எழுப்ப வேண்டிய கேள்வி.

கொழுப்பின் அரசியல் பொருளாதாரம்

டிரான்ஸ் கொழுப்பு இயற்கை உணவில் மிகச் சிறிய அளவிலேயே உள்ளது. பால், நெய், ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி ஆகியவற்றின் கொழுப்பில் சில சதவீதம் காணப்படும். மானுட வாழ்வுக்குள் அது பெருவெள்ளமாக நுழைந்தது ஆலைகளின் வழியாகத்தான். 1902இல் ஜெர்மானிய வேதியியலாளர் வில்ஹெல்ம் நார்மன், திரவ எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தித் திடக் கொழுப்பாக மாற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நிக்கல் வினையூக்கியின் துணையோடு எண்ணெய்க்குள் ஹைட்ரஜன் ஏற்றப்படும்போது, கொழுப்பு அமிலச் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளில் ஒரு பகுதி ஹைட்ரஜனை ஏற்று நிறைவடைகிறது. எஞ்சியவற்றில் ஒரு பகுதி தன் வடிவத்தை மாற்றிக் கொள்கிறது. வளைந்து நின்ற சங்கிலி நேராகி நிமிர்கிறது. நேரான சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்படுவதால் எண்ணெய் கெட்டியாகிறது, எளிதில் கெடாது, பல மாதங்கள் கடையில் இருக்கும், திரும்பத் திரும்பச் சூடாக்கலாம். முதலாளிக்கு வேண்டிய குணங்கள் அனைத்தும் அதில் இருந்தன. உண்பவரின் இதயக் குழாய்க்கு என்ன நேரும் என்பது அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை.

இந்தியாவுக்கு அது வனஸ்பதியாக வந்தது. லீவர் நிறுவனம் 1930களில் மும்பை சிவ்ரியில் ஆலை நிறுவி, 1937இல் 'டால்டா' என்ற பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. நெய் வாங்க இயலாத குடும்பங்களுக்கு நெய்யைப் போன்ற ஒன்று. ஒரு வணிகப் பெயரே பொருளின் பெயராகி, தமிழக வீடுகளிலும் 'டால்டா' என்ற சொல் நிலைத்துவிட்டது.

இங்கே வரலாற்றின் ஒரு முரண் கவனத்திற்குரியது. வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் கலந்திருக்க வேண்டும் என்று சுதந்திர இந்தியாவின் உணவுக் கலப்படத் தடை விதிகள் கட்டாயப்படுத்தின. மக்களின் உடல்நலம் அதற்குக் காரணமல்ல. நல்லெண்ணெய் கலந்த கொழுப்பில் குறிப்பிட்ட வேதிப் பொருட்களைச் சேர்த்தால் சிவப்பு நிறம் தோன்றும். நெய்யில் வனஸ்பதியைக் கலந்து விற்றால் அந்த நிறம் காட்டிக் கொடுத்துவிடும். அதாவது, நெய் வாங்குபவர் ஏமாறாமல் இருக்க எளிய, மலிவான, உறுதியான ஒரு அளவுகோல் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நாட்டில் இருந்தது. வனஸ்பதியையே வாங்கி உண்பவர் எதை உண்கிறார் என்பதற்கு அளவுகோல் இருக்கவில்லை. வர்க்க சமூகத்தில் அளவுகோல்களுக்கும் வர்க்கச் சார்பு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அறிவியல் சொன்னது, ஆலைகள் மறுத்தது

அமெரிக்க விஞ்ஞானி ஃப்ரெட் கும்மரோவ், இதய நோயால் இறந்தவர்களின் உடல் திசுக்களில் டிரான்ஸ் கொழுப்பு படிந்திருப்பதை 1957இலேயே எழுதினார். 1990இல் நெதர்லாந்தின் மென்சிங்க், கட்டான் ஆகியோர், டிரான்ஸ் கொழுப்பு இரத்தத்தில் தீமை பயக்கும் எல்டிஎல் கொலஸ்ட்ராலை உயர்த்துவதோடு, நன்மை பயக்கும் எச்டிஎல் கொலஸ்ட்ராலைக் குறைக்கவும் செய்கிறது என்று நிறுவினர். ஆயினும் அமெரிக்க அரசு அசைந்து கொடுக்கவில்லை. கும்மரோவ் தமது 98ஆவது வயதில், 2013இல், அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. 2015இல்தான் பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்யப்பட்ட எண்ணெய்கள் பாதுகாப்பானவை அல்ல என்று அந்த நிர்வாகம் முடிவு செய்தது. ஆய்வுக் கட்டுரைக்கும் அரசு ஆணைக்கும் இடையே 58 ஆண்டுகள் கழிந்தன.

சின்னஞ்சிறு டென்மார்க் காத்திருக்கவில்லை. 2003இல், எந்த உணவின் கொழுப்பிலும் ஆலைவழி டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என உலகிலேயே முதன்முதலாகச் சட்டம் இயற்றியது. அதன் பின்னர் டென்மார்க் ஆய்வாளர்கள் பல நாடுகளில் பன்னாட்டுத் துரித உணவகங்களின் பொரித்த உருளைக்கிழங்கையும் கோழியையும் வாங்கி அளந்து பார்த்தனர். ஒரே நிறுவனம், ஒரே பெயர்ப் பலகை, ஒரே உணவு. டென்மார்க்கில் டிரான்ஸ் கொழுப்பு மிகக் குறைவு; சட்டமில்லாத நாடுகளில் பல மடங்கு அதிகம். பாதுகாப்பான எண்ணெயில் சமைக்க அந்த நிறுவனங்களுக்குத் தெரியாமல் இல்லை; கட்டாயப்படுத்தப்படாத இடத்தில் அவை அதைச் செய்யவில்லை. 'நுகர்வோரின் விழிப்புணர்வே தீர்வு' என்று போதிப்போருக்கு இதுவே பதில்.

2018இல் உலக சுகாதார நிறுவனம், டிரான்ஸ் கொழுப்பால் ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் பேர் இதய நோயால் இறப்பதாக மதிப்பிட்டு, அதை உலக உணவிலிருந்து அகற்றும் திட்டத்தை அறிவித்தது. நாளொன்றுக்கு ஒருவர் பெறும் மொத்த ஆற்றலில் 1 சதவீதத்திற்கும் குறைவாக, அதாவது 2,000 கலோரி உண்பவருக்கு 2.2 கிராமுக்குள், அது இருக்க வேண்டும் என்கிறது அந்நிறுவனம். கணக்கிட்டுப் பாருங்கள்: 20 சதவீதம் டிரான்ஸ் கொழுப்பு கொண்ட வனஸ்பதி என்றால், வெறும் 11 கிராம், ஒரு மேசைக்கரண்டிக்கும் குறைவானது, ஒரு நாளின் உச்ச வரம்பைத் தொட்டுவிடும். காலை ஷிப்டுக்கு முன் உண்ணும் சிற்றுண்டியிலேயே அது முடிந்துவிடக்கூடும்.

தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு ஏனைய பகுதி மக்களைவிட ஏறத்தாழ 6 ஆண்டுகள் முன்னதாக, சராசரியாக 53 வயதிலேயே வருகிறது என்பதைப் பன்னாட்டு ஆய்வு ஒன்று 2007இல் காட்டியது. புகையிலை, மன அழுத்தம், சர்க்கரை நோய் எனக் காரணங்கள் பல. உணவுக் கொழுப்பும் அவற்றுள் ஒன்று. 53 வயது என்பது தொழிலாளியின் மகள் கல்லூரியில் படிக்கும் வயது. ஒப்பந்தத் தொழிலாளிக்கோ ஓய்வூதியமோ மருத்துவக் காப்போ இல்லாத வயது. அந்தக் குடும்பம் அதன் பின் எழுவதில்லை.

சட்டம் வந்தது, சோதனை வந்ததா?

இந்தியாவில் வரம்பு படிப்படியாகவே வந்தது. 10 சதவீதத்தில் தொடங்கி, 2016இல் 5 சதவீதமாகி, 2021 ஜனவரியில் 3 சதவீதமாகி, 2022 ஜனவரி 1 முதல் 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. எண்ணெய், வனஸ்பதியோடு நில்லாமல், அவற்றைச் சேர்த்துத் தயாரிக்கும் உணவுகளுக்கும் இந்த வரம்பு பொருந்தும். டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2009இல் தன் ஆய்வகத்தில் சந்தை வனஸ்பதிகளைச் சோதித்து, அவற்றின் டிரான்ஸ் கொழுப்பு டென்மார்க் வரம்பைப் போல் பல மடங்கு இருப்பதை வெளிப்படுத்தியதும், மருத்துவர்களும் மக்கள் அமைப்புகளும் தொடர்ந்து குரல் எழுப்பியதும் இதற்குப் பின்னணியாக இருந்தன. இது மக்கள் நலனுக்குக் கிடைத்த முன்னேற்றம். அதை வரவேற்பதில் நமக்குத் தயக்கமில்லை.

ஆனால் காகிதத்தில் உள்ள 2 சதவீதம் தட்டிலும் 2 சதவீதமாக இருக்கிறதா? இதை அறிவது எளிய வேலையல்ல. உணவிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து, அதன் கொழுப்பு அமிலங்களை ஆவியாகக்கூடிய மெத்தில் எஸ்டர்களாக மாற்றி, வாயு வண்ணப்படிவுக் கருவியில் செலுத்த வேண்டும். அக்கருவிக்குள் முடியிழை போன்ற, 100 மீட்டர் நீளமுள்ள நுண்குழாய் சுருண்டிருக்கும். ஒவ்வொரு கொழுப்பு அமிலமும் அதைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு. வெளியேறும் வரிசையில் ஒவ்வொன்றும் திரையில் ஒரு முகடாக எழுகிறது. வளைந்த சங்கிலியும் நிமிர்ந்த சங்கிலியும் ஒரே எடை, ஒரே எண்ணிக்கை அணுக்கள் கொண்டவை. அவற்றைப் பிரித்தறிய நீண்ட குழாயும், கட்டுப்படுத்தப்பட்ட வெப்பமும், தேர்ந்த கண்ணும் வேண்டும். கருவி மலிவானதாக இருந்தாலோ, பயிற்சி போதாதிருந்தாலோ, முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து 3 சதவீதம் 1 சதவீதமாகத் தோன்றக்கூடும். பாலாடைக் கொழுப்பின் இயற்கையான டிரான்ஸ் அமிலத்தையும் ஆலைவழி வந்ததையும் வேறுபடுத்தவும் முழுமையான கொழுப்பு அமில வரைவு தேவை. நெய் இனிப்பு என்று விற்கப்படுவது நெய்யா, வனஸ்பதியா என்பதையும் அதே வரைவு சொல்லிவிடும்.

ஒன்றிய அரசின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், நாடு முழுவதும் 419 நகரங்கள், மாவட்டங்களிலிருந்து 6,245 மாதிரிகளைச் சோதித்து, 84 மாதிரிகளில், அதாவது 1.34 சதவீதத்தில் மட்டுமே, 3 சதவீதத்திற்கு மேல் டிரான்ஸ் கொழுப்பு இருந்ததாக அறிவித்தது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் அந்த ஆய்வு எடுத்துக் கொண்டது பொட்டலமிடப்பட்ட உணவுகளை. நிக்டி சதுக்கத்தில் காலை 6 மணிக்குச் செய்தித்தாளில் மடித்துத் தரப்படும் வடைக்குப் பொட்டலமும் இல்லை, லேபிளும் இல்லை. தொழிற்சாலை கேண்டீனில் ஒப்பந்ததாரர் ஊற்றும் எண்ணெய்க்கும் இல்லை. பேக்கரிக் கூடத்தில் தகர டின்னிலிருந்து அள்ளப்படும் கொழுப்புக்கும் இல்லை. உழைக்கும் மக்கள் அன்றாடம் உண்பதில் பெரும்பகுதி லேபிள் இல்லாத உணவே. லேபிள் உள்ள இடத்தில் மட்டும் அளந்துவிட்டு, நாடே பாதுகாப்பாக உள்ளது என்று முடிவுக்கு வர இயலாது.

திரும்பத் திரும்பச் சூடாக்கப்படும் எண்ணெய் இன்னொரு சிக்கல். வீட்டிலோ கடையிலோ சூடாக்குவதால் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு சிறிதளவே. முதன்மைக் குற்றவாளி ஆலையில் ஏற்றப்படும் ஹைட்ரஜன்தான். ஆனால் பழைய எண்ணெயில் வேறு நச்சுச் சேர்மங்கள் பெருகுகின்றன. அவற்றின் மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி உள்ளது. கையடக்கக் கருவியை எண்ணெயில் தோய்த்தால் சில நொடிகளில் அளவு தெரிந்துவிடும். பெரிய உணவகங்கள் கழித்துவிடும் எண்ணெய் எங்கே போகிறது? அது மலிவு விலையில் கைமாறித் தெருவோரச் சட்டிக்கு வந்து சேருமானால், பணக்காரரின் தட்டில் கழிக்கப்பட்ட நஞ்சு ஏழையின் தட்டில் உணவாகிறது என்றே பொருள்.

நஞ்சுக்கு மாற்று என்ன?

டிரான்ஸ் கொழுப்பை அகற்றச் சொன்னதும் பல ஆலைகள் தேடிய மாற்று பாமாயில். அதன் கொழுப்பில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. டிரான்ஸ் கொழுப்பைவிடத் தீமை குறைவுதான். ஆனால் நிறைவுறாக் கொழுப்பு கொண்ட எண்ணெய்களுக்கு மாறும்போது கிடைக்கும் நன்மை இதில் கிடைக்காது. அளவீடு டிரான்ஸ் கொழுப்போடு நின்றுவிடாமல், கொழுப்பு அமிலங்கள் முழுவதையும் தழுவ வேண்டும் என்று நாம் வலியுறுத்துவது இதனால்தான்.

இங்கே பிரச்சனை ஆய்வகத்தைக் கடந்து வயலுக்குச் செல்கிறது. 1986இல் தொடங்கிய எண்ணெய் வித்துத் தொழில்நுட்ப இயக்கம், 1990களின் தொடக்கத்தில் நாட்டை ஏறத்தாழத் தன்னிறைவுக்குக் கொண்டு வந்தது. பின்னர் வந்த தாராளமயம் இறக்குமதிக் கதவைத் திறந்தது. இன்று தேவையில் பாதிக்கும் மேல் இறக்குமதி. அதில் மிகப் பெரும் பங்கு இந்தோனேசிய, மலேசியப் பாமாயில். நிலக்கடலை, எள், கடுகு பயிரிட்ட சிறு விவசாயி விலையின்றி வெளியேறினார். துறைமுகத்தருகே சுத்திகரிப்பு ஆலை அமைத்த பெருமுதலாளி வளர்ந்தார். 2021இல் ஒன்றிய பாஜக அரசு அறிவித்த 11,040 கோடி ரூபாய்த் திட்டமும் எண்ணெய்ப் பனைக்கே முன்னுரிமை தருகிறது.

தமிழகத்தில் நியாயவிலைக் கடைகள் மூலம் மாதம் 1 லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கு வழங்கப்படுகிறது. விலை உயர்வின் தாக்குதலிலிருந்து ஏழைக் குடும்பங்களைக் காக்கும் அந்தத் திட்டம் தொடர வேண்டும். மானியத்தில் ஒரு பைசாவும் குறையக்கூடாது. அதே வேளையில், உள்ளூர் விவசாயிகளிடம் கொள்முதல் செய்து நிலக்கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் வழங்க வேண்டும் என்ற விவசாயிகளின் கோரிக்கை நியாயமானது. தேங்காய் எண்ணெயிலும் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. எனவேதான் ஒன்றை நீக்கி இன்னொன்றைத் திணிக்காமல், நிலக்கடலையும் எள்ளும் முதன்மை பெறும் பலவகை எண்ணெய் வழங்கல் வேண்டும் என்கிறோம். விவசாயியின் வருவாயும் உழைப்பாளியின் இதயமும் ஒரே கோரிக்கையில் இணையும் இடம் இது.

நமது கடமை

இப்பிரச்சனையில் ஒரு தவறான பாதையை நாம் தொடக்கத்திலேயே நிராகரிக்க வேண்டும். சோதனை என்றதும் தள்ளுவண்டியைக் கவிழ்ப்பதும், வடைச் சட்டியைப் பறிமுதல் செய்வதும்தான் அதிகாரிகளுக்கு எளிதாக வருகிறது. டின்னில் வருவதை வாங்கிச் சமைக்கும் சிறு வியாபாரி குற்றவாளி அல்லர், அவரும் பாதிக்கப்பட்டவரே. ஓடையின் ஊற்றில் நஞ்சைத் தடுக்காமல் கடைமடையில் நிற்பவரைத் தண்டிப்பது நீதியாகாது. கொழுப்பு தயாரிக்கும் ஆலையிலும், மொத்தச் சந்தைக் கிடங்கிலும் மாதிரி எடுக்கப்பட வேண்டும். தெருவோர வியாபாரிக்குத் தேவை நியாய விலையில் நல்ல எண்ணெயும், பழைய எண்ணெயைத் திரும்பப் பெறும் ஏற்பாடும்தான்.

அரசுகளிடம் நாம் முன்வைப்பவை தெளிவானவை. தொழில் நகரங்கள் தோறும் கொழுப்பு அமிலங்களை அளக்கும் கருவியும் நிரந்தரப் பணியாளர்களும் கொண்ட பொது ஆய்வகங்கள் வேண்டும். லேபிள் இல்லாத உணவுகளையும் கேண்டீன்களையும் உள்ளடக்கிய ஆய்வு ஆண்டுதோறும் நடத்தப்பட்டு, முடிவுகள் மக்களின் மொழியில் வெளியிடப்பட வேண்டும். பொட்டல உணவுகளின் முகப்பில் நட்சத்திரங்களைச் சூட்டி அழகு பார்க்கும் 2022ஆம் ஆண்டு வரைவுக்குப் பதிலாக, எழுத்தறியாதவரும் புரிந்துகொள்ளும் எச்சரிக்கைக் குறி இடம்பெற வேண்டும்.

பொதுத்துறையால் இது இயலாது என்போருக்கு நிக்டியின் அண்டைப் பகுதியே விடை சொல்கிறது. பிம்ப்ரியில் 1954இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் இந்நாட்டின் முதல் பொதுத்துறை மருந்து ஆலை. பெனிசிலினை ஏழைக்கும் எட்டச் செய்த ஆலை அது. புனே பாஷாணில் தேசிய வேதியியல் ஆய்வகம் 1950 முதல் இயங்கி வருகிறது. அறிவும் ஆட்களும் இந்த மண்ணில் உண்டு. அந்த மருந்து ஆலையை நலிவடைய விட்டவர்கள்தான் பொதுத்துறைக்குத் திறமை இல்லை என்கிறார்கள்.

அரசு அசையும் வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006இன் 40ஆவது பிரிவு, உணவு வாங்கும் எவரும் கட்டணம் செலுத்தி, அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் அதைச் சோதிக்கக் கொடுக்கலாம் என்கிறது. வாங்கும்போதே விற்பவரிடம் அந்த நோக்கத்தைத் தெரிவித்திட வேண்டும். உணவு சட்டத்தை மீறியதாக அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தனி ஒரு தொழிலாளியால் இதைச் செய்வது கடினம்; சங்கத்தால் முடியும். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 46ஆவது பிரிவு, 250 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் கேண்டீனுக்கும், அதன் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதித்துவத்திற்கும் வழி செய்தது. போராடிப் பெற்ற அச்சட்டத்தின் இடத்தில் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைத் திணித்துள்ள ஒன்றிய அரசு, இத்தகைய உரிமைகளை நீர்த்துப்போகச் செய்ய நாம் அனுமதிக்கலாகாது. கேண்டீன் குழுவில் அமரும் தோழர், சோற்றின் அளவையும் குழம்பின் ருசியையும் மட்டும் பேசிவிட்டுத் திரும்பக்கூடாது. எந்த எண்ணெய், யாரிடம் வாங்கியது, எத்தனை முறை சூடாக்கப்பட்டது, சோதனை அறிக்கை எங்கே என்று கேட்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு தட்டும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேறு தட்டுமாக இருந்தால், முதல் கேள்வி அதைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

வேலை நேரத்தை அளக்கும் உரிமைக்காகத் தொழிலாளி வர்க்கம் ஒரு காலத்தில் போராடியது. கடிகாரம் முதலாளியின் கையில் இருந்தவரை 10 மணி நேரம் 12 மணி நேரமாக நீண்டது. எடைக்கல் நிலப்பிரபுவின் கையில் இருந்தவரை விவசாயத் தொழிலாளியின் கூலி நெல் குறைந்தது. கடிகாரத்தையும் எடைக்கல்லையும் கேள்விக்குள்ளாக்கிய பிறகே நிலைமை மாறியது. தன் உடலுக்குள் என்ன செல்கிறது என்பதை அறியும் உரிமையும் அந்த வரிசையில் வருவதே. நிக்டி முதல் அம்பத்தூர் வரை, ஓசூர் முதல் கோவை வரை, ஒவ்வொரு ஆலை வாயிலிலும் இந்தக் கேள்வி எழட்டும். கூலியைக் கணக்குப் பார்க்கத் தெரிந்த கைகள், தட்டில் உள்ளதையும் கணக்குக் கேட்கட்டும்.